போர்வை பெறாத அரசி

கேமரன் மலையில் ஆண்டிறுதி மழை இறங்கும் நாள்களில் பேகனைப் பற்றிப் பாடம் சொல்வது எளிது. மயில் குளிரால் நடுங்கும் என்று இரங்கித் தன் போர்வையை அதற்கு அளித்த வள்ளல் அவன். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், தேயிலைச் சரிவுகளின்மேல் மூடுபனி படிந்திருக்கும் காலைப்பொழுதில், கம்பளிச் சட்டையின் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவர்க்குக் குளிர் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பவரும் அங்கு இலர்.

தோட்டத்துப் பள்ளியொன்றில் இப்பாடத்தை நடத்திய ஒருநாள், பாடநூல் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல், அவ்வள்ளல் தன் மனைவியைப் பிரிந்து வேறொருத்தியிடம் சென்றான் என்பதையும், புலவர் நால்வர் அவளுக்காக அவனிடம் பரிந்து பாடினர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த அரசி என்ன தப்பு செய்தாங்க?" என்று கேட்டாள். பாடல்களில் அதற்கு விடை இல்லை என்று மட்டுமே அன்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த விடையின்மையே அப்பாடல்களின் பெருஞ்சிறப்பு என்பது பின்னரே எனக்கு விளங்கியது. அதை விளங்கவைத்தவை, அதே காலத்தையொட்டி உலகின் மறுகோடியில் வாழ்ந்த உரோமாபுரி அரசியரின் வரலாறுகள்.

ஒரு காசின் இரு பக்கங்கள்

உரோமாபுரியையும் பழனி மலையையும் ஒருங்கே நிறுத்துவது வலிந்து பொருத்துவதாகத் தோன்றக்கூடும். பேகன் ஆவியர் குடியினன்; அவனுடைய பொதினி மலையே இன்றைய பழனி. அம்மலையை அடுத்த கொங்கு நாட்டில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. மிளகும் மணியும் மேற்கே சென்றன. காசும் மதுவும் கிழக்கே வந்தன. திபேரியஸ் காசின் ஒரு பக்கத்தில் பேரரசனின் தலை. மறுபக்கத்தில் அமர்ந்த கோலத்தில் ஒரு பெண்ணுருவம். அது அவன் தாயாகிய லிவியாவின் சாயலே எனக் கருதுவோர் பலர். அவ்வாறாயின், உரோமப் பேரரசி ஒருத்தியின் உருவம் கொங்கு வணிகர் கைகளில் புழங்கியிருக்கிறது. அவ்வுருவத்திற்குப் பின்னால் இருந்த திருமண வரலாற்றை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. நாம் அறிவோம்.

பிற்காலத்தில் அகஸ்டஸ் எனப் பெயர்பெற்ற ஒக்டேவியன், கி.மு. 39இல் தன் மனைவி ஸ்கிரிபோனியாவை மணவிலக்குச் செய்தான். அவள் ஜூலியா என்னும் மகளைப் பெற்ற அதே நாளில் அது நிகழ்ந்தது என்பர். சில திங்களில், கி.மு. 38இன் தொடக்கத்தில், அவன் லிவியாவை மணந்தான். அப்போது லிவியா முதற்கணவனின் கருவைச் சுமந்திருந்தாள். அந்த முதற்கணவனே தந்தையின் இடத்தில் நின்று அவளை மணம்செய்து கொடுத்தான். உரோமில் மணவிலக்கிற்கு வழக்குமன்றம் தேவைப்படவில்லை. கணவனோ மனைவியோ பிரியக் கருதிய கருத்தை வெளியிட்டாலே போதும்.

இத்தனை எளிதில் மணமுறிவு நிகழும் நாட்டில், மனைவியின்மேல் பழி சுமத்தவேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை அரியணையில் இருக்கிறது. பேரரசனின் மகளோ மனைவியோ ஆட்சியுரிமையைக் கடத்தும் பாலமாக இருந்தாள். ஜூலியாவை அவள் தந்தை முதலில் மார்செல்லஸுக்கும், அவன் இறந்தபின் அக்ரிப்பாவிற்கும், அவனும் இறந்தபின் திபேரியஸுக்கும் மணம்செய்து வைத்தான். மூன்றும் வாரிசு கருதிய மணங்கள். திபேரியஸ் தான் விரும்பி வாழ்ந்த விப்சானியாவைப் பிரியுமாறு கட்டாயப்படுத்தப்பட்டான். பிரிந்தபின் ஒருமுறை அவளைக் கண்ட அவன் கண்ணீர் மல்கப் பின்தொடர்ந்தான் என்றும், இனி அவள் அவன் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டது என்றும் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

கி.மு. 18இல் அகஸ்டஸ் இயற்றிய சட்டம் பிறன்மனை ஒழுக்கத்தை அரசு தண்டிக்கும் குற்றமாக்கியது. மணமான பெண்ணின் பிறழ்ச்சியே அச்சட்டத்தின் இலக்கு. மணமான ஆடவன் அடிமைப் பெண்ணிடமோ பரத்தையிடமோ செல்வது அதன்படி குற்றமன்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 2இல், அதே குற்றம் ஜூலியாவின்மேல் சாற்றப்பட்டது. தந்தையே மகளின் பழியை ஆட்சிமன்றத்திற்கு ஓலை வழியே அறிவித்தான். அவள் பண்டதேரியா என்னும் சிறு தீவிற்குக் கடத்தப்பட்டாள். அவளோடு குற்றம் சாற்றப்பட்டவருள் அகஸ்டஸின் பழம்பகைவனான அந்தோனியின் மகனும் ஒருவன் என்பதால், இதில் ஒழுக்கத்தைவிட அரசியற் சூழ்ச்சியே மிகுதி என ஐயுறுவோர் உளர். மகளுடன் அத்தீவிற்குத் தானே விரும்பிச் சென்றவள், பிள்ளை பெற்ற நாளில் கைவிடப்பட்ட ஸ்கிரிபோனியா. அரண்மனைப் பழிகளை வரிசைப்படுத்தும் நூல்களில் அத்தாய்க்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது.

பழி எவ்வாறு சமைக்கப்பட்டது?

ஜூலியாவின் வழக்கில் ஐயம் எஞ்சுகிறது. ஒக்டேவியாவின் வழக்கில் அதுவும் இல்லை. கிளாடியஸ் பேரரசனின் மகளாகிய இவளைக் கி.பி. 53இல் நீரோ மணந்தான். நீரோ அரியணை ஏறியதில் இம்மணத்திற்குப் பெரும்பங்கு உண்டு. போப்பியா என்பவளை மணக்க விரும்பிய நீரோ, இவளை விலக்க எண்ணினான். காவற்படைத் தலைவனான புர்ரஸ், விலக்குவதாயின் அவள் கொண்டுவந்த சீதனத்தையும் திருப்பிக்கொடுத்துவிடலாமே என்று நீரோவின் முகத்திற்கு நேரே சொன்னானாம். சீதனம் என்று அவன் குறித்தது பேரரசை. கி.பி. 62இல் புர்ரஸ் இறந்தான். அதே ஆண்டில் ஒக்டேவியா, பிள்ளைப்பேறு இல்லை என்னும் காரணம் காட்டி விலக்கப்பட்டாள்.

அதோடு நின்றதா? குழலூதும் அடிமை ஒருவனோடு அவளுக்குத் தொடர்பு என்று குற்றம் கட்டப்பட்டது. அவளுடைய பணிப்பெண்கள் வதைக்கப்பட்டனர். சிலர் வலி பொறாது பொய் சொல்லினர். சிலர் தலைவியின் தூய்மையை இறுதிவரை நிலைநாட்டினர். நகர மக்கள் அவளுக்காகத் தெருவில் திரண்டனர். போப்பியாவின் சிலைகளைத் தள்ளிவிட்டு, ஒக்டேவியாவின் உருவங்களை மலரிட்டுத் தோளில் சுமந்தனர். அந்த மக்கள் ஆதரவே அவளுக்கு முடிவாயிற்று. கடற்படைத் தலைவன் ஒருவன், தனக்கு அவளோடு உறவு இருந்ததாகப் பொய்யாக ஒப்புக்கொள்ளுமாறு ஏவப்பட்டான். ஜூலியா அடைபட்டிருந்த அதே தீவில், இருபது வயதளவில், ஒக்டேவியா கொல்லப்பட்டாள். பிள்ளையில்லை என்று விலக்கியவனே, பின்னர்க் கருவைச் சிதைத்தாள் என்றும் அவள்மேல் குற்றம் சாற்றினான். இம்முரண்பாட்டை டாசிட்டஸ் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

டாசிட்டஸின் நேர்மையை நாம் போற்றலாம். ஆயினும் அவர் எழுதியது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒக்டேவியா மாண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தபின். அரசன் உயிரோடிருக்கையில் எழுதுவோர் அச்சத்தால் பொய் எழுதினர், அவன் இறந்தபின் எழுதுவோர் வெறுப்பால் பொய் எழுதினர் என்று அவரே குறை கூறுகிறார். கி.பி. 48இல் கொல்லப்பட்ட மெசாலினாவின் கதையைச் சொல்லப் புகும்போது, இது கட்டுக்கதை போலத் தோன்றும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். எனினும் கதையைச் சொல்லாமல் விடவில்லை. உரோமப் பேரரசியரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் இத்தகையவை: அரசனின் கொடுமையைக் காட்டுவதற்கு மனைவியின் பழி ஒரு கருவியாகிறது. அவள் குற்றவாளியா, குற்றமற்றவளா என்னும் வினாவைக் கடந்து அவளை நோக்குவார் அரியர்.

யார் இவள்?

இந்நிலையில் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களுக்குத் திரும்புவோம். 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்கு அளித்த தொகையில் இவை அடுத்தடுத்து நிற்கின்றன. பாடியவர் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பரணர் பாடியவை இரண்டு. பேகனின் மனைவி பெயர் கண்ணகி என்பதை அடிக்குறிப்புகளே தெரிவிக்கின்றன. பாடல்களுக்குள் அப்பெயர் இல்லை. சிலப்பதிகாரக் கண்ணகியோடு இவளை மயங்கலாகாது.

கபிலர் தம் பாடலைக் குறவரிடமிருந்து தொடங்குகிறார். மழை வேண்டிக் கடவுளைப் பரவிய குறவர், மழை மிகுந்தபோது அது மேலே எழுந்து செல்லவேண்டும் என்றும் பரவுகின்றனர், மழையும் நிற்கிறது, அவர்கள் மகிழ்ந்து தினையை உண்கின்றனர். பிறகே செய்தி வருகிறது. நேற்று மலைச்சாரற் சிற்றூரில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம், ஒருத்தி அழுதாள், அவளால் கண்ணீரை நிறுத்த இயலவில்லை, குழல் ஏங்குவதுபோல் அழுத அவள் யார்? இதுவே அவர் வினா. குறவர் வேண்டினால் வானமே மழையை நிறுத்துகிறது. அவர்தம் தலைவனின் மனைவி கண்ணீர்மட்டும் நிற்கவில்லை. முதற்பகுதியில் வந்த மழை வெறும் நில வருணனை அன்று என்பது இங்குத் தெளிவாகிறது. கேமரன் மலையில் மழை ஓயக் காத்திருந்து கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இவ்வுவமை நீண்ட விளக்கமின்றியே புரியும்.

கபிலர்க்கு அவள் யாரென்று தெரியாதா? தெரியும். அரசனைக் குற்றவாளி என்று அழைக்காமல், அவனே விடை சொல்லவேண்டிய வினாவை அவன்முன் வைக்கிறார்.

பரணரின் முதற்பாடலில் அவளே பேசுகிறாள். பேகனுக்கு நீ உறவோ என்று அவர்கள் தொழுது வினவ, அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விடை தருகிறாள். நாங்கள் அவனுக்கு உறவினர் அல்லேம் என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, புகழ் விளங்கும் பேகன், முல்லைவேலி சூழ்ந்த நல்லூருக்குத் தேரொலி முழங்க நாள்தோறும் வருகிறான் என்று சொல்கிறார்கள் என்பது அவள் கூற்று.

இக்கூற்றில் மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, உறவை மறுத்தல். உரோமில் கணவன் மனைவியை விலக்கினான். இங்கே கைவிடப்பட்டவள் தானே உறவு இல்லை என்கிறாள். அது சினமா, நாணமா, தன்மதிப்பா என்று பரணர் விளக்கவில்லை. இரண்டாவது, 'என்ப' என்னும் சொல். கணவனின் பிழையைக்கூட அவள் கண்டதாகச் சொல்லவில்லை; பிறர் சொல்லக் கேட்டதாகவே சொல்கிறாள். கேள்விச் செய்தியைக் கேள்விச் செய்தி என்றே உரைக்கும் இவ்வொழுக்கம் நீரோவின் அவையில் இருந்திருந்தால் ஒக்டேவியா பிழைத்திருப்பாள். மூன்றாவது, தன்னைப் போன்ற ஒருத்தி என்னும் தொடர். மற்றவளை அவள் இழித்துரைக்கவில்லை. தன்னையும் அவளையும் ஒரே நிறையில் வைக்கிறாள். போப்பியாவையும் மெசாலினாவையும் எழுதிய உரோமர் எவரும் இச்சமநிலையை எய்தவில்லை.

புகழ் விளங்கும் பேகன் என்னும் அடைமொழியை அவள் வாயில் வைத்தது பரணரின் திறம். அப்புகழை வளர்த்தவரும் அவரே. மயில் போர்வை பெற்றதைப் பாடியவரும் அவரே. இப்போது அப்புகழ் அவள் கண்ணீரின்முன் நிறுத்தி அளக்கப்படுகிறது.

பரிசிலை மறுத்த புலவர்

அடுத்த பாடலில் பரணர் தாம் பசித்து வரவில்லை, தமக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை என்கிறார். வேண்டும் பரிசில் ஒன்றே: இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைக. இப்பாடலின் தொடக்கத்தில்தான் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தி மீண்டும் வருகிறது. மயிலின் நடுக்கத்தை உணர்ந்தவனுக்கு மனைவியின் நடுக்கம் தெரியவில்லையா என்று பரணர் வெளிப்படையாகக் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பாடலில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அரிசில் கிழார் அணிகலன்களை வேண்டா என்கிறார். அவள் கூந்தல் மீண்டும் நறும்புகை கமழ்ந்து மாலை சூடுமாறு தேரில் குதிரைகள் பூட்டப்பெறட்டும் என்கிறார். பெருங்குன்றூர் கிழாரோ, தனியளாய் இருந்து கார்மழையின் துளியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தவளைக் காட்டி, எண்ணெய் துறந்த அவள் கூந்தலில் புதுமலர் பொலிய நீ இன்றே புறப்படுவதே எம் பரிசில் என்று முடிக்கிறார்.

வறுமையே வாழ்வாகக் கொண்ட புலவர் பரிசிலை மறுப்பது எளிய செய்தியன்று. இம்மறுப்பே அவர்களுடைய சொல்லுக்கு வலிமை தந்தது. சிறுகுடித் தலைவனின் புகழ் புலவர் நாவில் வாழ்ந்தது. பரிசில் கொள்ளாத புலவன் அவனுக்கு இழப்பு. உரோமப் பேரரசனுக்குப் புலவன் தேவைப்பட்டான். ஆனால் படையும் கருவூலமும் அவனிடம் இருந்தன. ஆகவே புர்ரஸ் போன்ற ஒருவன் நேரே சொல்லினான். மற்றவர் அரசன் சாகும்வரை காத்திருந்து எழுதினர். தமிழ்ப் புலவர் நால்வரும் உயிரோடிருந்த தலைவனின் முன்னிலையிலேயே பாடினர். அந்நால்வருள் ஒருவரும் அவள் என்ன குற்றம் செய்தாள் என்று கேட்கவில்லை. வினவப்பட வேண்டியவன் கணவன் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

எனினும் நம் இலக்கியத்தை அளவுமீறிப் பாராட்டுதல் திறனாய்வு ஆகாது. குறைகளும் உள. அவளுக்காக நால்வர் வேண்டியது கணவன் திரும்பிவருதல் ஒன்றே. அவள் விரும்புவது அதுதானா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உறவில்லை என்று சொன்னவளின் சொல்லை அவர்கள் பொருட்படுத்தவில்லை. முல்லைவேலி நல்லூரில் இருந்தவளின் குரல் நமக்கு எட்டவேயில்லை. பேகன் திரும்பினானா என்பதையும் பாடல்கள் கூறவில்லை. பரத்தையிற் பிரிவைப் பாடற்பொருளாக ஏற்றுக்கொண்ட மரபின் உள்ளிருந்தே இந்நால்வரும் பேசினர். அம்மரபை அவர்கள் எதிர்க்கவில்லை. ஆயினும் அம்மரபினுள் நின்றுகொண்டே, கொடையாளி என்னும் பெயர் ஒருவனை எல்லாக் கடமைகளிலிருந்தும் விடுவிக்காது என்று நிறுவியது சிறிய செயலன்று.

வகுப்பறையும் லயமும்

நாம் வகுப்பில் சொல்லும் பேகன் கதை பெரும்பாலும் மயிலோடு முடிந்துவிடுகிறது. கடையெழு வள்ளல்கள் பட்டியலில் அவன் பெயர், அவன் கொடுத்த பொருள், மதிப்பெண் ஒன்று, அவ்வளவே. அடுத்துவரும் ஐந்து பாடல்களையும் சிறுவர்க்கு ஏற்றவையல்ல என்று கருதி விட்டுவிடுகிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் கைவிடப்பட்ட பெண்களை அறியாதவர்களா?

1929இல் முதல் பெருந்தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து கேமரன் மலையின் தேயிலையை வளர்த்தவர்களுள் தமிழ்ப் பெண்கள் முன்னணியினர். இன்று அத்தோட்டங்களில் பிறநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். எனினும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் உள்ளன. முன்னாளில் கோயிலில் தாலி கட்டியதே திருமணம். பதிவு என்பது பலர்க்கும் இல்லை. கணவன் வேறொரு தோட்டத்தில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டால், மனைவி என்று நிறுவ இவள் கையில் ஏடு ஒன்றும் இராது. முஸ்லிம் அல்லாதார்க்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின்னரே ஒருவனுக்கு ஒருத்தி என்பதும் கட்டாயப் பதிவும் நிலைபெற்றன. அது பெரிய மாற்றம்.

ஆனால் லயத்து வாயிலில் எழும் பேச்சுக்குச் சட்டம் இல்லை. கணவன் விட்டுப்போனான் என்று கேட்டவுடன், அவள் என்ன செய்தாளோ என்னும் வினா இன்றும் எழுகிறது. அன்று அம்மாணவி கேட்டதும் அதுவே. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. தன்னைச் சுற்றியிருப்போர் கேட்டுப் பழகிய வினாவையே அவள் கேட்டாள். உரோமின் அவையும் அதையே கேட்டது. அதற்கு ஏற்ற விடையைச் சமைத்தும் கொண்டது. கபிலரும் பரணரும் வேறு வினாக்களைக் கேட்டனர்: அழுதவள் யார்? நீ ஏன் இன்னும் புறப்படவில்லை?

தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. மயிலைப் பாடும் 141ஆம் பாடலை நடத்தும்போது, 143 முதல் 147 வரையுள்ள பாடல்களையும் அதனோடு சேர்த்து நடத்துங்கள். உயர்வகுப்பாயின் ஒக்டேவியாவின் கதையையும் சொல்லுங்கள். பின்னர்ப் பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே வகுப்பில் நான் அவ்வாறே செய்தேன். அம்முறை எழுந்த மாணவன் கேட்டது வேறு: "ஐயா, நாலு பேரு சொன்னாங்களே, அவன் போனானா?" அதற்கும் பாடல்களில் விடை இல்லை. ஆனால் வினா உரியவனை நோக்கித் திரும்பியிருந்தது.